வீடு குடிக்கூலிக்கு விடுவோர் அறிய வேண்டுவன
(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இச்சபையில் சமயத்தைப் பற்றியும், கல்வியைப் பற்றியும், நம் முன்னோர் செய்த தருமங்களைப் பற்றியும் அரிய பிரசங்கங்கள் நிகழ்ந்துள்ளன. அவற்றைக் கேட்ட செவிகளுக்கு இன்று யான் எடுத்துக்கொண்ட விஷயம் சுவையற்றதாகத் தோன்றக்கூடும். வீட்டைக் குடிக்கூலிக்கு விடுவதைப் பற்றிப் பேச ஒரு சபையும் கூட வேண்டுமோ என்று சிலர் நினைக்கலாம். ஆயினும், உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்ற முதியோர் சிலர்க்கும், கணவரை இழந்த தாய்மார் பலர்க்கும் அடுப்பெரிவது அந்தக் கூலியைக் கொண்டே என்பதைத் தாங்கள் அறிவீர்கள். நம் பிள்ளைகளிற் பலர் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பிறர் வீட்டிற் குடியிருந்தே படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள் என்பதையும் அறிவீர்கள். ஆகவே இச்சபையில் வீட்டுக்காரரும் இருக்கிறீர்கள், குடித்தனக்காரரும் இருக்கிறீர்கள். இருதிறத்தார்க்கும் பொதுவாகவே யான் பேச வந்தேன்.

நம்மவரிடையே நெடுநாளாக ஒரு வழக்கம் உண்டு. வீடு காலியாயின், "நம்மவர் யாரேனும் இருந்தாற் சொல்லுங்கள்" என்று நாலு பேரிடம் சொல்லி வைப்போம். ஒருவர் வருவார். அவர் இன்னார் மகன், இன்னார் மருமகன் என்று தெரிந்தவுடன் வெற்றிலை பாக்குக் கொடுத்து, நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சச் சொல்லிவிடுவோம். முன்பணம் கைக்குக் கை மாறும். எழுத்து ஒன்றும் இராது. "நமக்குள் எழுத்து எதற்கு?" என்று இருவரும் பெருமையோடு சொல்லிக்கொள்வர். இவ்வழக்கம் நம்பிக்கையினின்று பிறந்தது. அதை யான் இகழ வரவில்லை. ஆனால் அந்த நம்பிக்கை எங்ஙனம் முறிகிறது என்பதை நேரில் கண்டவன் ஆதலின் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுகிறேன். பெயரும் ஊரும் வேண்டா.

கணவரை இழந்த ஓர் அம்மையார் தமது வீட்டின் மாடிப் பகுதியை உறவு முறையான ஒரு குடும்பத்தாருக்கு விட்டிருந்தார். மாத வாடகை எட்டாயிரம் ரூபாய். ஏழு வருஷம் ஒரு குறையும் இன்றிக் கழிந்தது. வெளிநாட்டில் இருந்த மகன் திரும்பி வருவதாக எழுதவே, அம்மையார் மாடியைக் கேட்டார். குடித்தனக்காரரும் மறுக்கவில்லை. கணக்குத் தீர்க்கும்போதுதான் தகராறு பிறந்தது. முன்பணம் ஒன்றரை லட்சம் என்றார் அவர். ஒரு லட்சமே என்றார் அம்மையார். நடுவில் ஐம்பதினாயிரம் கூட்டிக் கொடுத்ததை அம்மையாரின் கணவர் வாங்கினார் என்பது அவர் கட்சி. கணவர் தம்மிடம் அப்படிச் சொன்னதில்லை என்பது இவர் கட்சி. கிணற்று மோட்டாருக்குத் தாம் செலவிட்டதைக் கழிக்க வேண்டும் என்றார் அவர். அது வாடகையிலே கழிந்துவிட்டது என்றார் இவர். ரசீது ஒன்றேனும் இல்லை.

மத்தியஸ்தம் செய்ய அழைக்கப்பட்ட மூவரில் யானும் ஒருவன். மூன்று மாலை உட்கார்ந்தோம். இருவர் முகத்தையும் பார்த்தேன். இருவரும் பொய் சொல்லவில்லை என்றே இன்றும் எண்ணுகிறேன். ஒருவர் நினைவு ஒருவிதம். மற்றவர் நினைவு மற்றொரு விதம். வாங்கியவரோ இவ்வுலகில் இல்லை. முடிவில் வித்தியாசத்தைப் பாதியாக்கித் தீர்த்து வைத்தோம். பணத் தகராறு தீர்ந்தது, பகை தீரவில்லை. சென்ற வருஷம் அந்த அம்மையார் வீட்டில் நடந்த கலியாணத்துக்கு இவர்களுக்குப் பத்திரிகை போகவில்லை. ஒரு தாள் எழுதியிருந்தால் நின்றிருக்கக்கூடிய உறவு அது.

இனிச் சட்டம் சொல்லுவதைப் பார்ப்போம். முதலில், பலர் கேட்கும் ஒரு கேள்வி. வீட்டை வாடகைக்கு விடச் சர்க்கார் லைசென்ஸ் வேண்டுமா? ஒரு குடும்பம் குடியிருப்பதற்காகச் சாதாரண வீட்டை விடுவதற்கு லைசென்ஸ் வேண்டுவதில்லை. வேண்டுவன இரண்டு: எழுத்து ஒப்பந்தம் ஒன்று, அதைப் பதிவு செய்தல் மற்றொன்று. ஆனால் அவ்வீட்டையே பெண்கள் தங்கும் விடுதியாக நடத்தப் புகுந்தால் நிலை வேறு. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014-ம் வருஷத்தில் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, அத்தகைய விடுதிக்கு ஜில்லா கலெக்டரிடம் உரிமம் பெற்றாக வேண்டும். நாலு அறையில் எட்டுக் கட்டில் போட்டு, உத்தியோகம் பார்க்கும் பெண்களுக்கு உணவும் இடமும் தருவோர் சிலர் நம்மிலும் உண்டு. அவர்கள் இதை அசட்டை செய்யலாகாது.

எழுத்தும் பதிவும் ஏன் வேண்டியதாயிற்று என்பதை அறியச் சற்றுப் பின்னோக்க வேண்டும். இரண்டாம் உலக யுத்த காலத்தில் நகரங்களில் வீடுகளுக்குத் தட்டுப்பாடு மிகுந்தது. அப்போது 1941-ம் வருஷத்தில் சென்னை மாகாணத்தில் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. அதன் வழியே 1946-லும் 1949-லும் சட்டங்கள் வந்தன. பின்னர் 1960-ம் வருஷத்துச் சட்டம் ஏற்பட்டு ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் நிலவியது. நினைத்தபடி வாடகையை ஏற்றாமலும், நினைத்த நாளில் வெளியேற்றாமலும் குடித்தனக்காரரைக் காப்பதே அதன் கருத்து. நியாய வாடகையைக் கட்டிடத்தின் மதிப்பைக் கொண்டு அதிகாரி நிர்ணயிப்பார். நோக்கம் நன்றே. ஆயினும் வழக்குகள் வருஷக் கணக்கில் நீண்டன. பாட்டன் காலத்து வாடகையிலே பேரன் குடியிருப்பதும் உண்டாயிற்று. அதற்கு அஞ்சி வீட்டைப் பூட்டியே வைத்தவர்களை நாம் அறிவோம்.

இவ்வச்சத்தினிடையே பிறந்ததுதான் பதினொரு மாதப் பத்திரம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே தீர வேண்டும் என்பது 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தாலும் 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தாலும் ஏற்பட்ட விதி. அந்தச் செலவைத் தவிர்க்கவே ஒரு மாதத்தைக் குறைத்துப் பதினொன்றாக எழுதினார்கள். பதினொரு மாதம் என்று எழுதிவிட்டால் எல்லாச் சட்டத்தினின்றும் தப்பிவிட்டதாக இன்றும் பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை இனிச் செல்லாது.

ஏனெனில், வீட்டுடையார், வாடகைதாரர் ஆகிய இருவருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் புதிய சட்டம் 2017-ம் வருஷத்தில் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டது. அது 2019-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 22-ந் தேதி அமுலுக்கு வந்தது. 1960-ம் வருஷத்துச் சட்டம் அன்றோடு நீங்கிற்று. நகர்ப்புறங்களைக் கருதி ஏற்பட்ட இச்சட்டத்தின் முதற்கட்டளை யாதெனில், எழுத்து ஒப்பந்தம் இன்றி எவரும் வீட்டை வாடகைக்கு விடவும் கூடாது, எடுக்கவும் கூடாது என்பதே. பதினொரு மாதமாயினும் சரி, ஐந்து மாதமாயினும் சரி, இதற்கு விலக்கில்லை.

எழுதிய ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அவர் டிப்டி கலெக்டர் பதவிக்குக் குறையாத உத்தியோகஸ்தர். இப்பதிவு வேறு, சார்பதிவாளர் பதிவு வேறு என்பதை மனத்திற் கொள்க. இதற்கெனச் சர்க்கார் அமைத்துள்ள இணையத்தளத்தின் வாயிலாக வீட்டிலிருந்தபடியே மனுச் செய்யலாம். பதிவானபின் அந்தக் குடித்தனத்துக்கென ஓர் எண் தரப்படும். வீட்டுக்காரர் மனுச் செய்யலாம். அவர் அசட்டையாக இருப்பின் குடித்தனக்காரரும் செய்யலாம். அவ்வாறு பதிவு செய்யாத பத்திரம் சாட்சியமாக ஏற்கப்படாது என்றும் சட்டம் விதிக்கிறது. பெட்டியிலே பத்திரம் இருந்தும், கேட்க வேண்டிய இடத்தில் அது வாய் திறவாது என்பதே இதன் பொருள்.

புதிய சட்டத்துக்கு முன்னரே வாய்ச்சொல்லால் குடியிருந்து வருவோர் கதி என்ன என்று கேட்பீர்கள். அவர்களும் வீட்டுக்காரரோடு எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்பதே விதி. இருவரும் அதற்கு உடன்படாது போனால், அதுவே வீட்டை மீட்க வழக்கிடுவதற்குரிய காரணங்களுள் ஒன்றாகும். ஆதலின் பழைய குடித்தனம் என்று எவரும் வாளா இருத்தல் ஆகாது.

ஒப்பந்தத்தில் எவற்றை எழுத வேண்டும்? இருவர் பெயர், முகவரி, விடப்படும் பகுதி எது என்னும் விவரம், வாடகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், முன்பணம் எவ்வளவு, காலம் எத்துணை, வாடகை எப்போது, எவ்வளவு உயரும், மின்சாரம், தண்ணீர் முதலியவற்றுக்குக் கணக்கு எப்படி, வீட்டிலுள்ள விசிறி, விளக்கு, அலமாரி முதலிய சாமான்கள் எவை. இவ்வளவும் தெளிவாக இருத்தல் வேண்டும். புதிய சட்டத்தில் நியாய வாடகை நிர்ணயம் என்பது இல்லை. இருவரும் ஒப்பியதே வாடகை. எனவே உயர்த்தும் வகையை முதலிலேயே எழுதாதவர் பின்னர் வருந்துவர். பத்திரம் இரு பிரதியாகக் கையொப்பமிடப்பட்டு, ஒன்று குடித்தனக்காரர் கையிற் சேர வேண்டும். முத்திரைத் தீர்வை எவ்வளவு என்பதைப் பத்திரப்பதிவு அலுவலகத்திலே கேட்டறிந்து செலுத்துக. கடைத்தெருவில் கிடைத்த தாளில் எழுதிவிட்டுத் திருப்தி அடையற்க.

முன்பணத்தைப் பற்றித் தனியே ஒரு சொல். பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்குவது சென்னையில் நெடுநாள் வழக்கம். வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிடில் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கலாகாது என்பது புதிய சட்டத்தின் அளவு. வீடு காலியான பின் ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தந்துவிட வேண்டும். "அடுத்த குடித்தனம் வந்து முன்பணம் தந்தால்தான் உமக்குத் தருவேன்" என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது சட்டத்துக்கும் ஒவ்வாது, தருமத்துக்கும் ஒவ்வாது. பிறர் பணத்தை நாம் வைத்திருக்கிறோமேயன்றி அது நம் பணமன்று.

பழுது பார்ப்பதிலும் சச்சரவு மிகுதி. ஒப்பந்தத்தில் வேறாக எழுதாத இடத்து, எது யாருடைய பொறுப்பு என்பதைச் சட்டத்தின் அட்டவணையே வகுத்திருக்கிறது. சுவர், கூரை முதலிய கட்டிடப் பழுது, வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வர்ணம் பூசுதல், குழாய்களை மாற்றுதல், மின்கம்பி வேலை ஆகியவை வீட்டுக்காரருடையவை. குழாய் வாசர் மாற்றுதல், சாக்கடை அடைப்பு நீக்குதல், சுவிட்சு, பூட்டு, சன்னல் கண்ணாடி முதலிய சில்லறைப் பழுதுகள் குடித்தனக்காரருடையவை. இவ்வட்டவணையை இருவரும் ஒருமுறை வாசித்துவிட்டால் பாதிச் சண்டை பிறவாது.

இனி வீட்டுக்காரர் செய்யலாகாதவை. வாடகை நிலுவையாயிற்று என்று தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவது கூடாது. எவ்வளவு கோபம் இருப்பினும், எத்தனை மாத நிலுவை இருப்பினும், அது குற்றம் உம் பக்கம் திரும்புவதற்கே வழியாகும். தம் வீடுதானே என்று நினைத்தபோது உள்ளே நுழைவதும் கூடாது. பழுது பார்க்கவோ வேறு தகுந்த காரணத்துக்காகவோ செல்ல வேண்டின் இருபத்துநான்கு மணி நேரத்துக்கு முன்னரே அறிவிக்க வேண்டும். சாமான்களை வெளியே எறிந்து பூட்டுப் போடுவது ஒருபோதும் ஆகாது. வீட்டை மீட்க வாடகை நீதிமன்றம் இருக்கிறது. அதற்கு மேல் வாடகைத் தீர்ப்பாயம் இருக்கிறது.

குடித்தனக்காரர்க்கும் கடமை உண்டு. இரண்டு மாத வாடகை நிலுவையாகி, கேட்பு நோட்டீஸ் பெற்ற ஒரு மாதத்துக்குள்ளும் செலுத்தாவிடில், அது வெளியேற்றத்துக்குரிய காரணமாகும். எழுத்து மூலமான சம்மதமின்றி உள்குடித்தனம் வைப்பதும் அவ்வாறே. வாடகையைப் பெற்றமைக்கு ரசீது கேட்பது குடித்தனக்காரர் உரிமை. கொடுப்பது வீட்டுக்காரர் கடமை. வங்கி வழியாகச் செலுத்தினால் அந்தக் கணக்கே சாட்சியாக நிற்கும். வாங்க மறுக்கும் வீட்டுக்காரர்க்காக வாடகை அதிகாரியிடம் பணத்தைக் கட்டும் வழியும் உண்டு.

இன்னும் சில. குடிவருவோர் விவரத்தைப் போலீஸ் ஸ்டேஷனில் தெரிவிக்குமாறு நகரப் போலீஸ் அதிகாரிகள் அவ்வப்போது உத்தரவிடுவது உண்டு. சென்னையில் 2012-ம் வருஷத்தில் அத்தகைய உத்தரவு பிறந்தது நினைவிருக்கலாம். தத்தம் ஊரில் அப்படி உத்தரவு நடப்பில் உள்ளதா என்று ஸ்டேஷனில் விசாரித்துக்கொள்க. குடிவருவோரின் அடையாளச் சீட்டின் நகலை வாங்கி வைப்பது எப்போதும் நலம். அயல்நாட்டார் எவரேனும் தங்க வந்தால் அவரைப் பற்றி உடனே அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும். வாடகை வருமானம் வருமான வரிக்கு உட்பட்டது. கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் நூற்றுக்கு 30 பங்கைப் பராமரிப்புக்கெனக் கழித்துக்கொள்ளச் சட்டமே இடந்தருகிறது. மாத வாடகை 50,000 ரூபாய்க்கு மேற்படின் குடித்தனக்காரரே வரியைப் பிடித்துச் சர்க்காருக்குக் கட்ட வேண்டும். அப்பிடித்தம் 2024-ம் வருஷம் அக்டோபர் முதல் நூற்றுக்கு 2 ஆகும். பதிவு செய்தால் வரி வருமே என்று அஞ்சி எழுத்தைத் தவிர்ப்போர் உண்டு. அவர்கள் சிறு வரியை மிச்சப்படுத்தி, வீட்டையே சாட்சியமில்லாமல் பிறர் கையில் ஒப்புவிக்கிறார்கள்.

இவ்வளவும் கேட்ட பின்னும் ஒரு தடை எஞ்சி நிற்பதை யான் அறிவேன். "அந்நியரிடம் எழுதிக்கொள்வது சரி; மாமன் மகனிடம் பத்திரம் நீட்டுவது எங்ஙனம்? அவமானமாக நினையாரா?" என்பதே அது. அன்பர்களே! நம் வீட்டுக் கலியாணங்களை நினைத்துப் பாருங்கள். பந்தலின் வாயிலிலே இருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து மொய் எழுதுகிறார்கள். தாய்மாமன் வைத்த ஆயிரத்தொன்றும் எழுதப்படுகிறது. பக்கத்து வீட்டார் வைத்த நூற்றொன்றும் எழுதப்படுகிறது. தாய்மாமன் அதை அவமானமென்று கொண்டாரா? எழுதாமல் விட்டாலன்றோ கோபிப்பார்! நமக்கு வந்ததை நாம் மறவாமல் திருப்பிச் செய்யவே அந்த எழுத்து. உறவு நீடிக்க வேண்டுமென்பதற்காகவே உறவினர் கணக்கை எழுதுகிறோம். மொய்க்குப் பொருந்தும் நியாயம் முன்பணத்துக்குப் பொருந்தாதா? நம்மவர் என்பதற்காக எழுதாமல் விடற்க. நம்மவர் என்பதற்காகவே எழுதிக்கொள்க. அந்நியரோடு பகை வந்தால் ஒரு குடித்தனம் போகும். நம்மவரோடு பகை வந்தால் இரண்டு குடும்பம் பிரியும்.

மற்றொன்றும் பணிவோடு சொல்லுகிறேன். வாடகை அதிகாரிக்குக் கொடுக்கும் படிவத்திலே பெயர் உண்டு, முகவரி உண்டு, வாடகை உண்டு. சாதி என்னும் கட்டம் இல்லை. நம் பிள்ளை வேற்றூரில் வீடு தேடிப் போகும்போது, "நீர் என்ன குலம்?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினால் நம் மனம் என்ன பாடுபடும்! அந்த நோவை நம் வாயிலில் வந்து நிற்கும் பிள்ளைக்கு நாம் உண்டாக்கலாமா? நல்ல ஒழுக்கமும், வாடகை கொடுக்கும் சக்தியும், பதிவு செய்த பத்திரமும் இருந்தால் வேறு என்ன வேண்டும்? எழுத்தைக் கைக்கொண்டவர்க்குக் குலத்தைப் பிணையாகக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

முடிவாக நமது சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். இணையத்தளத்தில் மனுச் செய்வது நம் இளைஞர்க்கு எளிது; முதியோர்க்கும் தனித்திருக்கும் தாய்மார்க்கும் அரிது. ஆதலின் சங்கத்துப் படிப்பகத்தில் ஞாயிறுதோறும் காலையில் ஒரு மேஜையும், கணினி அறிந்த இரண்டு இளைஞர்களும் இருக்கும்படி நிர்வாகிகள் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். நம்மிலுள்ள வக்கீல் ஒருவர் மாதிரி ஒப்பந்தம் ஒன்றைத் தமிழில் எழுதித் தந்தால், அச்சிட்டு இலவசமாக வழங்கலாம். அன்று மத்தியஸ்தத்துக்கு மூன்று மாலை செலவிட்டோம். ஒரு மனுவுக்கு அரைமணி நேரம் போதும்.

முதலிற் சொன்ன அம்மையார் இப்போது மாடியை மறுபடியும் வாடகைக்கு விட்டிருக்கிறார். மகன் வேறூருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். இம்முறை பத்திரம் எழுதிப் பதிவும் செய்தார்கள். பதிவு எண்ணை ஒரு சீட்டில் எழுதிப் பூஜை அறைப் படத்தின் பின்னே வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். குடிவந்தவர்கள் நம்மவர் அல்லர். ஆயினும் பொங்கலுக்கு இரு வீட்டாரும் பானை மாற்றிக்கொண்டார்களாம். பழைய உறவினர்க்கும் ஒருநாள் பத்திரிகை போகும் என்று நம்புகிறேன்.